செல்போன் உள்ளே வராது

ரகசிய எண் வந்துவிட்டது. ஆனால் அது வாசலில் இருந்தது, பில்லக்கா மூன்றாவது மாடியில் இருந்தாள்.

பில் பிரிவில் வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வெளியூர் ஆஸ்பத்திரியில் தங்கையைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். அம்மா இல்லாத பெண். "அக்கா, நீ வந்துடு" என்று காலையில் போனில் அழுதிருந்தாள். மதிய ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

லீவைக் கம்ப்யூட்டரில்தான் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் திறக்கச் செல்போனுக்கு ஓர் எண் வரும் என்று அன்றைக்குத்தான் புது உத்தரவு. செல்போனைச் செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது போன வருஷத்து உத்தரவு. இரண்டு உத்தரவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை போலிருக்கிறது.

கீழே ஓடி, எண்ணைப் பார்த்து, அதையே முணுமுணுத்துக்கொண்டு மாடியேறினாள். அதற்குள் எண் காலாவதியாகிவிட்டது.

அடுத்த தடவை அண்ணனையே இன்டர்காமில் படிக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, போன வாரம் பேங்கிலிருந்து வந்த எண்ணை நிதானமாகப் படித்தார். கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டு அவள் கணக்கையே பூட்டிவிட்டது.

பூட்டைத் திறக்க மேனேஜர் மனசு வைக்க வேண்டும். நல்ல மனுஷர், உடனே உட்கார்ந்தார். அவர் கம்ப்யூட்டரும் எண் கேட்டது. அவர் செல்போனும் வாசலில்தான். அண்ணன் இந்தத் தடவை சரியான எண்ணைப் படித்தார், ஆனால் பில்லக்காவின் செல்போனிலிருந்து.

"நான் வாயால லீவு குடுத்தா செல்லாதும்மா," என்றார் மேனேஜர் பாவமாக. "இன்னொரு தடவை தப்பாப் போட்டா என்னையும் பூட்டிடும்."

பில்லக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. இன்டர்காம் அவள் கையிலேயே இருந்ததால் அண்ணன் காதிலும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் சாப்பாட்டுப் பையோடு மேலே வந்தார். டிபன் பாக்ஸுக்கு அடியில் இரண்டு செல்போன்கள். மேனேஜர் பையை உற்றுப் பார்த்தார், பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த நிமிஷம் பூட்டும் திறந்தது, லீவும் கிடைத்தது.

கிளம்பும்போது வாசலில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். மனசு நிறைந்து போயிருந்தது. "உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேண்ணே. எனக்காக உத்தரவையே மீறிட்டீங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

அண்ணன் நெளிந்தார்.

"ஆகாதும்மா. அந்த உத்தரவு போன வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வந்த ஒரு நாளைக்கு மட்டும்தான்... போனைக் குடுக்க வர்றப்பதானே எல்லாரும் என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுறீங்கன்னு, நான்தான் நோட்டீஸைக் கழட்டாம விட்டுட்டேன்."