லெந்து காலத்து எரு

மண்ணில் புதைத்தது எல்லாம் மக்கிப்போகும் என்று முப்பது வயது வரை நம்பினேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்த பிளாஸ்டிக்கின் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

எண்பதுகளில் நான் சித்தூரில் ஒரு நாளிதழின் நிருபர். விவசாயப் பக்கத்துக்கு மக்கு உரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். (அதுவரை நான் ஒரு குழிகூடத் தோண்டியதில்லை.) அச்சில் பார்த்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்து, கொல்லையில் குழி தோண்டினேன். சாம்பல் புதன் அன்று ஆரம்பித்து, ஈஸ்டருக்கு முந்தின நாள் மண் போட்டு மூடினேன். இந்த இரண்டு நாட்களையும் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். செய்தி என்றால் தேதி வேண்டுமல்லவா?

ஈஸ்டருக்கு முன் கறி தொடாமல் உபவாசம் இருக்கும் அந்த நாற்பது நாள் லெந்து காலத்தில் என் மாமனார் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினார். திருப்பதியில் மிஷன் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உபவாசத்தைப் பற்றிப் பேச எங்கள் சபை அவரை அழைத்திருந்தது. லெந்து முடியும்வரை கறியை நினைப்பதே பாவம் என்று பேசினார். சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்க்காமலே, "பத்திரிகைக்காரங்க வெளியில என்னா துன்றாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்பார். நான் தலை குனிந்து கத்திரிக்காயைப் பிசைவேன்.

அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களைச் சபை வளாகத்தில் ஏலம் விடுவார்கள். பூசணிக்காயும் சேவலும் ஏலம் போகிற இடத்தில் நான் ஒரு மூட்டை எருவை வைத்தேன். மாமனார்தான் அன்றைய விருந்தாளி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இறுதி ஜெபமும் அவர்தான். இன்றைக்காவது இந்த மனிதர் என்னை மதிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் நான் எழுந்து பேசினேன். "லெந்து காலத்துச் சமையல் கழிவு மட்டும். இதில் ஒரு துண்டு எலும்பு கிடையாது."

பாடகர் குழு சாரோன் அக்கா குறுக்கிட்டார். "கண்ணால பாக்காம எப்படிப்பா கேக்கறது? கொட்டிக் காட்டு."

கொட்டினேன். (சலித்த பிறகே பயன்படுத்தவும் என்று கட்டுரையில் எழுதியவன் நான். சலிக்கவில்லை.) காப்பித்தூள் நிறத்தில் அழகாக விழுந்தது எரு. கூடவே பால் கவரின் வெட்டிய மூலைகள் விழுந்தன, நேற்று வெட்டியது போல் நீலமாக. மல்லிகை மக்கியிருந்தது, அதைக் கட்டிய நைலான் நூல் சிக்குச் சிக்காகக் கிடந்தது. ஷாம்பு பாக்கெட் பளபளத்தது.

"இன்னாபா, குப்பையைக் கொண்டாந்து ஏலம் விட்டுக்கினு இருக்கற?" என்ற அக்கா, உருண்டையாகச் சுருட்டிய ஒரு கவரை இழுத்து உதறிப் பிரித்தார். சிவப்புத் தெலுங்கு எழுத்தில், உள்ளங்கை அகலத்துக்கு: பிரியாணி.

கவரைச் சுற்றியிருந்த செய்தித்தாள் மண்ணாகிவிட்டது. (என் கட்டுரையும் அதில் இருந்திருக்கலாம்.) ஓட்டல்காரனின் கவரில் ஓர் எழுத்தும் அழியவில்லை.

சபை சிரித்தது. என் மனைவி கிரேஸ் மட்டும் சிரிக்கவில்லை. "லெந்துல பிரியாணி துன்னுக்கினு, எங்கிட்ட கத்திரிக்காய் நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களா?"

"நான் துன்னல."

"பின்ன குழியா துன்னுச்சு?"

கவரை வாங்கினேன். அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பது என் தொழில் பழக்கம். 'பஸ் ஸ்டாண்டு எதிரில், திருப்பதி' என்று இருந்தது. அந்த லெந்து முழுவதும் நான் திருப்பதிப் பக்கமே போகவில்லை. அங்கிருந்து பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான்.

நிமிர்ந்தேன். மாமனார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வரியை நான் சத்தமாகப் படித்திருந்தால், இறுதி ஜெபத்துக்கு அவர் எழுந்திருக்க முடியாது.

கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். "நான்தாங்க துன்னேன்" என்றேன்.

அந்த மூட்டையை யாரும் கேட்கவில்லை. கடைசியில் மாமனார் கையை உயர்த்தி, "நான் எடுத்துக்கறேன்" என்றார். மருமகனை மன்னிக்க எப்பேர்ப்பட்ட மனசு என்று சபையே உருகிவிட்டது. எனக்கு இதுதான் இன்றுவரை பொறுக்கவில்லை. பிறகு அவர் எழுந்து, நாவை அடக்கும் பலத்தை எனக்குத் தரும்படி கர்த்தரிடம் உருக்கமாக மன்றாடினார்.

மாலையில் அவரைத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எருவைக் கூரைமேல் போட்டாயிற்று. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து, முதல் தடவையாக மரியாதையோடு பேசினார்.

"இலையிலதான் கட்டச் சொன்னேன், மாப்பிள்ளை. அவன்தான் கவர்ல போட்டுட்டான்."

அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. வீட்டில் இன்றும் சாம்பல் புதன் வந்தால் பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்று, "தாத்தா, குழி ரெடியா?" என்று கேட்கிறார்கள். கிரேஸ் சிரித்துக்கொண்டே எனக்குக் கத்திரிக்காய் பரிமாறுகிறாள். உண்மையை இங்கே எழுதிவிட்டேன். என் கட்டுரைகளை எங்கள் வீட்டில் யாரும் படிப்பதில்லை என்ற தைரியம்தான்.