பச்சைப் பொத்தானை அமுக்கிய கீரி

ஒரு காட்டில் தரையைவிடத் தண்ணீர் அதிகம். ஆறு கடலில் சேருகிற இடத்தில், சேற்றில் வேர் ஊன்றி நின்ற அலையாத்தி மரங்களின் காடு அது. அங்கே குடியிருந்த நீர்நாய்களுக்கும் மீன்பிடிப் பூனைகளுக்கும் வள்ளத்தில் கடலுக்குப் போய் வலை வீசுவதுதான் பிழைப்பு. நீர்நாய்க்கு எதற்கு வள்ளம், குதித்து நீந்தினால் போதாதா என்று கேட்பீர்கள். மண்ணெண்ணெய் மானியம் வள்ளத்துக்குத்தான் உண்டு, நீச்சலுக்குக் கிடையாது.

அந்தக் காட்டில் கடல் வானிலை அலுவலகம் ஒன்று இருந்தது. அதன் தலைமை எழுத்தர் உடும்பு ஆறுமுகப்பெருமாள். அரசு ஊழியரை 'அது', 'இது' என்று எழுதினால் மேலிடத்துக்கு மனுப் போட்டுவிடுவார்கள் என்பதால், இந்தக் கதையில் எல்லாரையும் மனிதர்களைப் போலவே சொல்கிறேன்.

கலங்கரை விளக்கத்திலிருந்து தினமும் விடியுமுன் கடல் நிலவரம் அலுவலகத்துக்கு வந்துவிடும். காற்று எத்தனை வேகம், அலை எத்தனை அடி, கடலுக்குப் போகலாமா கூடாதா என்று எல்லாம் அதில் சரியாக இருக்கும். ஆறுமுகப்பெருமாள் முதல் நாள் அதற்கு எண் போடுவார். இரண்டாம் நாள் முத்திரை குத்துவார். மூன்றாம் நாள் பசை தடவிப் படகுத்துறைப் பலகையில் ஒட்டுவார். 'இன்று கடல் கொந்தளிப்பாக இருக்கும், யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று அதில் இருக்கும். அந்த 'இன்று' உண்மையில் முந்தாநாள். அதைத் திருத்த உடும்புக்கு அதிகாரமில்லை. ஆசையும் இல்லை.

காட்டு ஜனங்கள் முட்டாள்கள் இல்லை. அந்தக் கடலோ ரெண்டு நாளைக்கு ஒரு குணம் மாறுகிற கடல். பலகையில் 'போகாதே' என்று ஒட்டினால் கொந்தளிப்பு அடங்கியிருக்கும், மீனும் கொத்துக்கொத்தாக அகப்படும். 'கடல் அமைதி, தாராளமாகச் செல்லலாம்' என்று ஒட்டினால் எங்கிருந்தோ காற்று கிளம்பி வரும். ஒரு மழைக்காலம் முழுக்க அடிபட்ட பிறகு இதைப் புரிந்துகொண்டார்கள். அதிலிருந்து, போகாதே என்றால் போனார்கள், போகலாம் என்றால் வலையைத் தைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். ஏழு வருஷம் ஒரு வள்ளம் கவிழவில்லை. தலைமையிடம் இதைப் பார்த்துப் பூரித்துப்போய், ஜனங்கள் எச்சரிக்கையைத் தவறாமல் மதிக்கிறார்கள் என்று ஒரு கேடயம் கொடுத்தது. ஆறுமுகப்பெருமாள் அதைத் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டார்.

இப்படி நிம்மதியாக இருந்த காட்டுக்குப் புது அதிகாரி வந்தார். கீரி மதிவாணன். மேட்டுக்காட்டில் பிறந்தவர், கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவர், பரீட்சையில் முதல் மாணவர். நல்லவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் அத்தனை தொல்லைக்கும் அதுதான் காரணம்.

இரண்டு நாள் பழைய நிலவரம் ஒட்டப்படுவதைக் கண்டு கீரிக்கு ரத்தம் கொதித்தது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அன்றைக்கே கட்டளை போட்டார். நிலவரம் வந்த கையோடு எண், முத்திரை, பசை எல்லாம் அரைமணி நேரத்தில் முடியவேண்டும். அதோடு விடவில்லை. பதினாலு வள்ளத்திலும் வள்ளத்துக்கு ஒன்றாகப் பேசும் பெட்டி மாட்டினார். அலுவலகத்தில் நாலு பொத்தான் வைத்த ஒரு கருவி. பச்சையை அமுக்கினால் 'கடல் அமைதி, தாராளமாக மீன் பிடிக்கலாம்' என்று எல்லாப் பெட்டியும் பேசும். சிவப்பை அமுக்கினால் 'பேராபத்து, உடனே கரை திரும்பவும்' என்று கத்தும். மஞ்சளும் ஆரஞ்சும் நடுவில். வேறு எதையும் அதில் பேச முடியாது. ஜனங்கள் குழம்பிவிடக் கூடாதாம்.

உடும்புக்கு ஜனங்களின் கணக்கு தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் அவரிடம் யாரும் எழுத்துமூலம் கேட்கவில்லை. இனி ஒட்டுவது அன்றன்றைய நிலவரம் என்று ஜனங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

வழக்கத்துக்கு மாறாக, முதல் ஒன்பது நாளும் கடல் குளம் மாதிரி கிடந்தது. பலகையிலும் பெட்டியிலும் 'கடல் அமைதி' என்றே வந்தது. காற்று எந்நேரமும் கிளம்பும் என்று ஒரு வள்ளம்கூடத் துறையை விட்டு நகரவில்லை. இவ்வளவு நல்ல கடலை வைத்துக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று கீரி தலையைச் சொறிந்தார். ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். நீர்நாய் தொம்மை வீட்டில் ஆறாம் நாள் கருவாடும் தீர்ந்தது. அவன் மனைவி கித்தேரி சேற்றில் நண்டு பொறுக்கிக் குட்டிகளுக்குக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் காலையில் பலகையில் சிவப்பு மையில் ஒரு தாள். 'இன்று முற்பகல் பதினோரு மணி முதல் கள்ளக்கடல் எச்சரிக்கை. யாரும் கடலுக்குச் செல்லக் கூடாது. மீறினால் வள்ளத்தின் அனுமதி ஓராண்டு ரத்து.'

கள்ளக்கடல் என்பது காற்றும் மழையும் இல்லாமல் வருவது. எங்கோ தொலைதூரத்தில் கிளம்பிய அலை நாட்கணக்கில் உருண்டு வந்து கரையில் அடிக்கும். வானம் வெளுத்துக் கிடக்கும். ஆழ்கடலில் இருப்பவனுக்கு வள்ளம் கொஞ்சம் ஏறி இறங்குவது மட்டும்தான் தெரியும். திரும்பி வந்து ஆற்று முகத்துவாரத்தில் நுழையும்போதுதான் அது வள்ளத்தைத் தூக்கிப் பாறையில் அறையும். அந்த இடத்தில் நீர்நாயின் நீச்சலும் செல்லாது.

ஜனங்கள் தாளைப் பார்த்தார்கள். முந்தாநாள் கள்ளக்கடல் வந்து போய்விட்டது என்று முடிவு செய்தார்கள். ஒன்பது நாள் பசி வேறு. பதினாலு வள்ளமும் ஆறு மணிக்கே போட்டி போட்டுக்கொண்டு கிளம்பின. தொம்மை முதல் ஆளாகப் போனான்.

கித்தேரி ஏழரை மணிக்குப் படகுத்துறைக்கு வந்தாள். மீன் வந்தால் காயப்போட ஒரு இடம் பிடிக்கலாம் என்றுதான் வந்தாள். பலகையில் சாய்ந்தபோது கையில் பிசுபிசு என்று ஒட்டியது. பசை. தாளிலும் சிவப்பு மை இன்னும் காயவில்லை. விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டது. இந்த அலுவலகத்து மை ஏழு வருஷமாக அவள் விரலில் ஒட்டியதில்லை. அப்படியானால் இது முந்தாநாள் எழுதியதில்லை, இன்றைக்கே எழுதியது.

அவள் அலுவலகத்துக்குள் ஓடியபோது கீரி சிவப்புப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். கலங்கரை விளக்கத்திலிருந்து, பதினாலு வள்ளமும் கடலில் இருக்கின்றன என்று அப்போதுதான் தகவல் வந்திருந்தது. அவர் அமுக்க அமுக்க வள்ளங்கள் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. பெட்டி இத்தனை தடவை கத்துகிறதென்றால் இன்றைக்கு மீன் அப்படியிருக்கும் என்று அங்கே அவர்கள் பேசிக்கொண்டார்கள். கீரியின் வால் விறைத்து நின்றது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தானே இவர்கள் என்று உடும்பிடம் கேட்டார். அது தன் இருக்கைக்கு உட்பட்ட விஷயம் இல்லை என்று உடும்பு சொல்லிவிட்டார்.

கித்தேரி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். எண் போடும் நாள், முத்திரை நாள், பசை நாள், ஏழு வருஷம். கேட்கக் கேட்கக் கீரியின் முகம் சுண்டியது.

"ஐயா, நீங்க போவாதிய போவாதியன்னு சொல்லச் சொல்லத்தான் அவுக உள்ள போறாக," என்றாள் கித்தேரி. "பச்சைய அமுக்குங்க. அமைதின்னு கேட்டா வலையக்கூட அறுத்துப் போட்டுட்டு ஓடி வந்துருவாக."

"கடல் அமைதியா இல்லையேம்மா. இல்லாததை நான் எப்படிச் சொல்றது?"

"பதினோரு மணிக்குள்ள வரலேன்னா அத்தனை வள்ளமும் முகத்துவாரத்துல சிதறிரும். எங்க வீட்டுக்காரரும் அதுல இருக்காரு ஐயா."

கீரி பொத்தானைப் பார்த்தார். யார், எப்போது, எந்தப் பொத்தானை அமுக்கினார் என்பதைக் கருவி தானாகவே தலைமையிடத்துக்கு அனுப்பிவிடும். அப்படி அனுப்பவேண்டும் என்று கேட்டு வாங்கியவரும் அவரே. கள்ளக்கடல் நாளில் 'கடல் அமைதி' என்று சொன்ன அதிகாரி என்று தன் பெயர் போகும் என்பது அவருக்குத் தெரிந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. மணி எட்டரை.

பச்சையை அமுக்கினார். ஒரு தடவை அல்ல, விரல் வலிக்கிற வரைக்கும்.

கடலில் பதினாலு பெட்டியும் 'கடல் அமைதி, தாராளமாக மீன் பிடிக்கலாம்' என்று இனிமையாகப் பேசின. அமைதியென்றால் ஆபத்து என்று வள்ளங்களில் இருந்தவர்கள் பதறினார்கள். தொம்மை பாதி இழுத்த வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு எஞ்சினைத் திருப்பினான். பத்தரை மணிக்குக் கடைசி வள்ளம் முகத்துவாரம் தாண்டி ஆற்றுக்குள் வந்தது. பதினோரு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் கள்ளக்கடல் வந்து படகுத்துறையின் பாதியைப் பெயர்த்துக்கொண்டு போனது. பலகையும் போனது. ஒரு உயிர் போகவில்லை. கித்தேரி தொம்மையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அலுவலக வாசலுக்குப் போய்க் கீரியின் காலில் விழுந்தாள்.

இத்தோடு கதையை முடித்தால் குழந்தைகளுக்குச் சொல்லலாம். ஆனால் பத்து நாள் கழித்து விசாரணைக்கு மிளா வந்தார்.

மிளா, அதாவது கடமான், பெரிய கொம்பு உள்ள பெரிய அதிகாரி. கருவி அனுப்பிய பட்டியல் கையில் இருந்தது. படகுத்துறையை அலை அடித்துக்கொண்டுபோன காலையில், இந்த அலுவலகம் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை 'கடல் அமைதி' என்று அறிவித்திருக்கிறது. இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டார். கடலில் இருந்தவர்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்தேன் என்றார் கீரி. எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போனவர்கள் யார் யார் என்று மிளா உடனே பேனாவைத் திறந்தார். அவர்களுடைய அனுமதியை ரத்து செய்யவேண்டுமல்லவா.

காடே அங்கே கூடியிருந்தது. பூனைகள் மீசையைத் தடவினார்கள். நீர்நாய்கள் தரையைப் பார்த்தார்கள். கீரிக்காக எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்றுதான் கித்தேரி வீட்டிலிருந்து கிளம்பி வந்திருந்தாள். தொம்மை அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான். ஒரு வருஷம் வள்ளம் கரையில் கிடந்தால் குட்டிகளுக்கு என்ன கொடுப்பது என்று அவளும் யோசித்தாள்.

மிளா அவளைத்தான் முதலில் கூப்பிட்டார். "அன்னைக்கு யாராவது கடல்ல இருந்தாங்களாம்மா?"

"இல்லைங்கய்யா," என்றாள் கித்தேரி. "யாரும் போவல. எல்லாரும் வீட்டுலதான் இருந்தோம்."

சொல்லிவிட்டு அவளால் கீரியின் பக்கம் திரும்ப முடியவில்லை. அவளுக்கு மகா வெட்கமாக இருந்தது. மற்றவர்களும் வரிசையாக வந்து அதையே சொன்னார்கள். கடலில் யாருமே இல்லை, ஆகவே யாரும் காப்பாற்றப்படவும் இல்லை என்று மிளா எழுதிக்கொண்டார். கலங்கரை விளக்கத்திலிருந்து அன்று வந்த தகவலுக்கு உடும்பு எண் போடாததால் அது கோப்பில் ஏறவில்லை. பிறகு கீரியிடம், இவர்கள் சொல்வது உண்மைதானா என்று கேட்டார்.

கீரி வரிசையில் நின்ற பதினாலு வீட்டாரையும் ஒரு தடவை பார்த்தார். "ஆமா சார். யாரும் போகல," என்றார்.

பொய்யான அறிவிப்பால் பொதுமக்களைக் குழப்பிய குற்றத்துக்காக அவரைத் தேரிக்காட்டு மழைமானி நிலையத்துக்கு மாற்றினார்கள். அது செம்மணல் மேடு, மழை பெய்து நெடுநாள் ஆகிறது. பொறுப்பு அதிகாரியாக ஆறுமுகப்பெருமாள் நியமிக்கப்பட்டார். பதவி பெரிதானதால் கையெழுத்துக்கென்று தனியாக ஒரு நாள் சேர்த்துக்கொண்டார். காட்டு ஜனங்கள் ஒரு வாரத்தில் புதுக் கணக்கைப் பழகிக்கொண்டார்கள். ஒரு வள்ளமும் கவிழவில்லை.

கித்தேரி மட்டும் நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்து ஒரு பொட்டலம் கட்டி, கீரி ஐயாவுக்குச் சேர்ப்பிக்கவும் என்று எழுதிக் கொடுத்தாள். அலுவலகம் வழியாக அனுப்பியதால் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

நீதி: எச்சரிக்கை நேரத்துக்கு வந்தால் உயிர் போகும், அந்த உயிரைக் காப்பாற்றினால் வேலை போகும். ஆகவே, ஊரும் உத்தியோகமும் நீடூழி வாழ எதையும் ரெண்டு நாள் கழித்தே ஒட்டுக.