எல்லாக் கல்லூரிக்கும் போன எலி

1. மர்பி டவுன் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில், வேதியியல் புத்தகம் ஒன்றை எலி கடித்தது.
2. அங்கிருந்த நூலகர் அதைக் கணினிப் பட்டியலில் பதிந்தார்: ‘எலி கடித்தது. ஓரம் மட்டும்.’
3. மறுநாள் காலை, எங்கள் நூலகக் கூட்டமைப்பிலுள்ள அத்தனை கல்லூரிகளிலும் அதே புத்தகத்தை எலி கடித்திருந்தது.
4. ஆனேக்கல்லில் ஒரு கல்லூரி எலிப்பொறி வாங்கியது.

ஓர் எலியை இணையம் வழியாக ஊர் முழுக்க அனுப்பிவைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் கூட்டமைப்பு அலுவலகத்தில் அந்த நூலகருக்குப் பெயர் எலிக்கடி சார்.

கூட்டமைப்பு என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரே புத்தகத்தின் விவரத்தை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகத் தட்டி மாய்வானேன் என்று, ஒருவர் எழுதிய பதிவை மற்றவர்களும் எடுத்துக்கொள்வது. ஆகவே அந்தப் பொதுப் பதிவில் தலைப்பு, ஆசிரியர், பக்கம் என்று எல்லாப் பிரதிக்கும் பொருந்துவது மட்டும்தான் வரவேண்டும். அவரவர் பிரதியின் காயங்களுக்குக் கீழே தனிக் கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை அமைத்தவள் நான். எலிக்கடி சார் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

போன் செய்தேன்.

“சார், ஆனேக்கல்லயும் எலி கடிச்சதா காட்டுது.”

“ஹவுதா, அப்படியா? இந்த வருஷம் எலி ஜாஸ்திம்மா.”

“எலி இல்ல சார். நீங்க. கீழ உங்க காலேஜுக்குன்னு தனிக் கட்டம் இருக்கே.”

“அது மூலையில கெடக்கும்மா. யாரு பாப்பாங்க?”

அடுத்தது ஒரு பொருளாதாரப் புத்தகம். ‘காபிக் கறை. யார் செய்தது என்று தெரியும்.’ அன்று மாலைக்குள் ஈஜிபுராவில் ஒரு பேராசிரியர் புதுப் பிரதி வாங்கி வந்து அலமாரியில் சத்தமில்லாமல் செருகிவிட்டுப் போனார். இன்னொரு கல்லூரியில் துறைத் தலைவர் ஒருவர் தானாக மன்னிப்பே கேட்டுவிட்டார். கறை பட்டதோ மர்பி டவுன் பிரதியில். அங்கே கொட்டியவர் மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

பிறகு புள்ளியியல். ‘கடைசி அத்தியாயம் போதும். மீதி ஆசிரியரின் சொந்தப் பிரச்சினை.’ மாணவர்கள் முதல்முறையாகக் கூட்டமைப்பைப் பாராட்டினார்கள். கல்லூரி முதல்வர்கள் கூட்டம் போட்டார்கள். பதிவுகளைத் திருத்தும் உரிமையை எலிக்கடி சாரிடமிருந்து பறிப்பது என்று முடிவாயிற்று. அந்த உரிமைதான் அவருடைய முழு உத்தியோகமும்.

“ஏதாவது சொல்லணுமா?” என்றார் கூட்டத் தலைவர், பெருந்தன்மையாக.

எலிக்கடி சார் எழுந்தார். “பேரு, பக்கம், பதிப்பு. இது ஆதார் கார்டு சார். ஆளைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பிள்ளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகுதுங்க. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேணாமா?”

அதற்குள் டீ வந்துவிட்டது.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார். “என் உரிமையை எடுக்குற பட்டனை நீதான் அமுக்கணுமாம்மா?”

“ஆமா சார்.”

“சரி. சாப்ட்டு அமுக்கு.”

சாப்பிட்டுவிட்டு அமுக்கினேன். குறிப்புகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். எலி, காபி, கடைசி அத்தியாயம் எல்லாம் போயின. பட்டியல் மிகச் சுத்தமாக, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி ஆனது.

இப்போதைய நிலவரம்: எலிக்கடி சாருக்குத் திருத்தும் உரிமை கிடையாது. மூலையில் கிடந்த தனிக் கட்டத்தைத் தலைப்புக்கு அடுத்தபடியாக மேலே கொண்டுவந்து, எழுத்தையும் பெரிதாக்கிவிட்டேன். மதியம் போன் வரும். அவர் சொல்லச் சொல்ல, மர்பி டவுன் பிரதிக்கு மட்டும், நான் தட்டுகிறேன். போன் வராத நாளில் நானே கூப்பிடுகிறேன்.