தாராபுரம் சர்வதேசப் பெயராய்வுக் குழு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரும் பாய்ச்சல் மன்னாரை அடுத்த தாராபுரத்தில் நிகழ்ந்தது என்றால் அது மிகையாகாது. மாவட்டச் செயலகமான கச்சேரியில் முப்பது வருடம் கோப்புக் கட்டி ஓய்வுபெற்ற ஜவாஹிர், பிறந்த பேத்திக்குப் பெயர் வைக்க வாட்ஸ்அப்பில் ‘சர்வதேசப் பெயராய்வுக் குழு’ அமைத்தார். தோஹா, லண்டன், புத்தளம் என்று நாற்பத்துமூன்று உறுப்பினர்கள். பிள்ளையைப் பெற்ற மருமகள் ‘களைத்திருப்பதால்’ சேர்க்கப்படவில்லை.

தகப்பன் றிபாத் ஆகையால் பெயர் ‘றி’யில் தொடங்க வேண்டும். இலங்கைத் தீவில் வேறெவருக்கும் அது இருக்கக் கூடாது. ஏழு மொழிகளில் நல்ல கருத்தும் தர வேண்டும். விதிகளை ஜவாஹிரே எழுதி, ஜவாஹிரே அங்கீகரித்தார்.

ஏழாம் நாள் அகீக்காவுக்கு ஆடறுத்து, பிள்ளைக்கு முடி வழித்து, சொந்தபந்தம் எல்லாம் புரியாணி சாப்பிட்டுக் கையும் கழுவியாயிற்று. பெயர் மட்டும் ‘பரிசீலனையில்’ இருந்தது. மருமகள் கதவோரம் வந்து நின்றாள்.

"மாமா, மௌத்தாப்போன எங்கட உம்மாட பேர் றஹீமா. அத வைப்பமா?"

"நல்ல பேர்தான் மகள்," என்றார் ஜவாஹிர் பரிவோடு. "ஆனா கருத்து எல்லாருக்கும் தெரியுமே. ஆராய என்ன இருக்கு?"

அவள் கலங்கிய கண்ணோடு உள்ளே போனாள். குழு அதை ஏகமனதான ஒப்புதலாகப் பதிவு செய்தது.

ஆய்வு சூடுபிடித்தது. ‘றிஸ்மிலோனா’ என்றால் பாரசீகத்தில் நிலாவின் தங்கை என்று ஓர் இணையதளம் சத்தியம் செய்தது. லண்டனிலிருந்து மூத்த மகன் றினாஸ் குரற்செய்தி அனுப்பினான்.

"வாப்பா, இத்தாலிக்காரர் ஒருத்தரிட்டக் கேட்டனான். அவங்கட பாசையில அப்படி ஒரு சொல்லே இல்லையாம்."

"சொல்லே இல்லையெண்டா கெட்ட கருத்தும் இல்லத்தானே," என்று ஜவாஹிர் இத்தாலிய மொழிக்குச் ‘சரி’ போட்டார்.

பிறப்பைப் பதிவதற்கான மூன்று மாதக் கெடுவின் கடைசி நாள் மாலை மூன்றரைக்கு, றிஸ்மிலோனா ஏழு மொழிகளிலும் தேறியது. ஜவாஹிர் ஓட்டோவில் மன்னாருக்குப் பறந்தார். நடுவீதியில் நின்ற கழுதைகள் மட்டும் அந்த அவசரத்துக்கு ஒத்துழைக்கவில்லை. பதிவாளர் கந்தோரில் ஜெயனி என்ற எழுதுவினைஞர் படிவத்தை விரித்தாள்.

"தாயின்ர முழுப் பேரைச் சொல்லுங்கோ ஐயா. சரிபார்க்க வேணும்."

மூன்று வருடமாக மருமகளை ‘மகள்’ என்றே கூப்பிட்டு, அவள் பெயரையே மறந்திருந்தார் ஜவாஹிர். ‘மிக அவசரம்’ என்று குழுவில் கேட்டார். மற்ற மேதைகள் தத்தம் கைபேசியைத் துழாவினார்கள். ஒருவரிடம் ‘மதினி’ என்றிருந்தது, இன்னொருவரிடம் ‘றிபாத்ட வீடு’. றிபாத்தோ தோஹாவில் வேலைத்தளத்தில் நின்றான். அங்கே கைபேசிக்குத் தடை.

"நாலேகாலுக்குப் பூட்டிடுவம் ஐயா," என்றாள் ஜெயனி.

வேறு வழியின்றி வீட்டுக்கு அழைத்தார். "மகள்... உங்கட பேர் என்ன?"

மறுமுனையில் மருமகள் சிணுங்கிய பிள்ளையைத் தேற்றிவிட்டுப் பேசினாள்.

"சொல்றன் மாமா. முதல்ல பிள்ளைட பேரை றஹீமா எண்டு எழுதுங்கோ. எழுதினத அந்தக் கந்தோர்ப் பிள்ளை வாசிச்சுக் காட்டட்டும்."

ஜவாஹிர் எழுதினார். ஜெயனி வாசித்துக் காட்டினாள், இரண்டு தரம், கந்தோர் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"அப்துல் கபூர் றிஸானா," என்றாள் மருமகள்.

அறிஞர் நாற்பத்துமூவர், மொழிகள் ஏழு, நாட்கள் தொண்ணூறு. அத்தனையும் செலவழித்த பிறகு, ஒரு பெயரை அதன் சொந்தக்காரியிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தக் குடும்பத்தின் முதல் ஆய்வு இதுதான்.