காலி நாற்காலியில் மாப்பிள்ளை

கீழச்சிவல்பட்டி பெரிய வீட்டின் உள்முற்றத்தில் அன்று காலை இருந்தவர்கள்: கிழக்குத் தூணோரம் தேக்கு நாற்காலியில் துப்பறியும் நிபுணர். அவருக்கு எதிரே ஊஞ்சலில் கப்பல் தலைவன். படியில், வாளை மடியில் கிடத்தியபடி ஒரு வீரமங்கை. மேற்குச் சுவரோரம் மரப்பெட்டியின்மேல், பணக்காரர்களிடம் மட்டும் திருடும் கொள்ளைக்காரன். நடுவில் ஒரு காலி நாற்காலி. அதில் கண்ணுக்குத் தெரியாத விஞ்ஞானி உட்கார்ந்திருந்தார்.

இவர்கள் போக, கேமராவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒக்கூர் மருதுபாண்டி.

பழைய தொடர்கதைகளின் நாயகர்கள் ஐந்து பேரும் புத்தகத்தை விட்டு இறங்கி வந்து, ஒன்றாகப் புதையல் தேடுவதாகப் படம். விஞ்ஞானியாக நடிப்பவன் முத்துக்கண்ணன். காரைக்குடியில் மின்வாரியக் கணக்கீட்டாளன். ஐந்து நாயகர்களில் தானும் ஒருவன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான். எந்த நாயகன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மருதுபாண்டியின் மகள் நாகஜோதிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அவள் அம்மாவுக்கும் சம்மதம். மருதுபாண்டிதான், "படம் பிடிக்கிறத ஒரு நா பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று பஸ் ஏறி வந்துவிட்டார்.

"அப்பா மனசுல என்ன இருக்குன்னு எனக்கே பிடிபடல. பாத்து நடந்துக்கங்க" என்று போனில் சொல்லியிருந்தாள் நாகஜோதி.

காட்சி தொடங்கியது. நால்வரும் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து முத்துக்கண்ணன் பதில் வசனம் சொன்னான்.

மருதுபாண்டி பக்கத்தில் நின்ற உதவி இயக்குநர் அனுசுயாவிடம் குனிந்தார். "ஏம்மா, நம்ம தம்பி எங்குட்டு இருக்காப்ல?"

"அந்த நாற்காலியில சார்."

மருதுபாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நாற்காலி காலியாகவே இருந்தது.

இடைவேளையில் முத்துக்கண்ணன் அனுசுயாவைப் பிடித்தான். "மேடம், என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு. எங்கயாச்சும் ஒரு ஓரமா என்னயக் காட்டுங்க."

"உங்களக் காட்டுனா கதையே போச்சே. வேணும்னா ஒரு தொப்பி வைக்கலாம்."

மாடியிலிருந்து நைலான் கயிற்றில் தொப்பி இறங்கியது. நாற்காலிக்கு மேலே ஒரு தலை உயரத்தில் நின்று, வசனத்துக்கு ஏற்ப ஆடியது. கயிற்றைப் பிடித்திருந்தவருக்குத் தும்மல் வந்ததும் துள்ளிப்போய்க் கப்பல் தலைவனின் காப்பியில் விழுந்தது.

முத்துக்கண்ணன் மருதுபாண்டியிடம் ஓடிவந்தான். "அது என் தொப்பிதான் மாமா."

"அப்ப தொப்பிதான் நடிக்குதா?"

"இல்ல மாமா, நான்தான். தொப்பி எனக்குப் பதிலா..."

"சரி சரி. ஒங்களவிட அது நல்லாவே நடிக்குது."

முத்துக்கண்ணன் விடவில்லை. மறுபடியும் அனுசுயாவிடம் ஓடினான். இந்த முறை அவள் ஒரு பச்சைத் துணி உடையை எடுத்துக் கொடுத்தாள். உச்சந்தலை முதல் பாதம் வரை, முகத்தோடு சேர்த்து மூடும் உடை. அதை மாட்டிக்கொண்டு அவனே நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடி மாமா இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிட்டான். அந்தத் திசையில் கொள்ளைக்காரன்தான் இருந்தான்.

"யாரும்மா அது, பச்ச மூட்டைக்குள்ள?"

"அவருதான் சார் உங்க மாப்பிள்ளை. பின்னால கம்ப்யூட்டர்ல அழிச்சிருவோம்."

"அழிச்சிருவீகளா?"

"சுத்தமா."

"கையி, காலு, எதுவுமே தெரியாதா?"

"நகம்கூடத் தெரியாது சார்."

மருதுபாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. மனிதர் நொறுங்கிப்போனார் என்று அனுசுயாவே பயந்துவிட்டாள்.

பச்சை உடையைப் பிய்த்துக்கொண்டு முத்துக்கண்ணன் வெளியே வருவதற்குள் அவர் வாசலுக்குப் போயிருந்தார்.

"மாமா, சாப்பிட்டுப் போகலாம்ல?"

"இருக்கட்டும் தம்பி. வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேன்." வாசலில் நின்ற ஆட்டோக்காரன் சொக்குவின் வண்டியில் ஏறி பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார்.

முத்துக்கண்ணன் நேராக இயக்குநர் காலடியில் போய் விழுந்தான். "சார், ஒரே ஒரு இடத்துல விஞ்ஞானிய மறைக்கிற மருந்து வேல செய்யாமப் போயி, மொகம் தெரியிற மாதிரி வைங்க சார். இல்லாட்டி எனக்குக் கல்யாணமே இல்ல."

இயக்குநர் யோசித்தார். "நல்லாத்தான்யா இருக்கு. கிளைமாக்ஸ்ல வச்சிருவோம்."

மறுநாள் காலையிலேயே எடுத்தார்கள். காலி நாற்காலியில் புகை எழும்பி, புகைக்குள்ளிருந்து முத்துக்கண்ணனின் முகம் பல்லெல்லாம் தெரிய வெளிப்பட்டது. கப்பல் தலைவன்கூடக் கை தட்டினான். அனுசுயா ஒரு புகைப்படம் எடுத்து, அச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

மருதுபாண்டியிடம் இருந்தது பட்டன் போன். அதனால் முத்துக்கண்ணன் கடிதம் எழுதினான்.

'மாமா அவர்களுக்கு வணக்கம். நேற்று என்னை நீங்கள் சரியாகப் பார்க்க முடியாமல் போய்விட்டது. இத்துடன் என் முகம் நன்றாகத் தெரியும் படம் இணைத்துள்ளேன். இனி எனக்குச் சினிமாதான் தொழில். தேவைப்பட்டால் மின்வாரிய வேலையை விட்டுவிடவும் தயாராக இருக்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

கடைசி வரியை இருமுறை படித்துப் பார்த்தான். மாமனாரின் சந்தேகம் மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. படத்தையும் கடிதத்தையும் உறையில் போட்டு, பசை தடவி ஒட்டினான். ஓரம் பிரிந்துவிடாமலிருக்க மேலே ஒரு டேப்பும் போட்டான். பஸ் ஸ்டாப்புக்கு ஓடிப்போய், புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ் கண்டக்டரிடம் உறையை நீட்டினான்.

"அண்ணே, ஒக்கூர் முக்கு டீக்கடையில குடுத்திருங்க. மருதுபாண்டி மாமாவுக்கு. ரொம்ப அவசரம்."

கண்டக்டர் உறையைப் பையில் செருகி விசில் கொடுத்தார். பஸ் வளைவு திரும்பி மறைந்தது.

ஆட்டோவில் சாய்ந்து கிடந்த சொக்கு எழுந்து உட்கார்ந்தான். "என்ன மாப்ள, கல்யாணத் தேதி கேட்டு எழுதிட்டீகளாக்கும்? நேத்து வண்டியில வாரப்ப ஒங்க மாமாவுக்கு ஒரே சிரிப்பு: 'கரண்டாபீசு வேலைய விட்டுட்டு சினிமாக்காரனாப் போயிருவானோன்னு பயந்துக்கிட்டு வந்தேன் சொக்கு, நல்லவேள, பய படத்துல தலையே காட்டல, வைகாசியில கல்யாணத்த வச்சிர வேண்டியதுதான்'னு!"