கல்யாணக் கோட்டும் இறால் கம்பெனியும்

பம்பாயில் குளிர் கிடையாது என்று சொன்னவள் நான்தான். இன்றைக்கும் அதை வாபஸ் வாங்குவதாக இல்லை. நான் மாட்டிக்கொண்டது வடாலா பக்கம் ஒரு இறால் கம்பெனியின் குளிர் அறையில். (அதற்குள் பம்பாய் எப்படி வரும்?)

அறுபதுகளில் தாராவியிலிருந்து ஒரு கூட்டம் பெண்கள் அங்கே இறால் உரிக்கப் போவோம். வரத்து உள்ள நாளில்தான் வேலை. குளிர் அறையில் பெட்டி அடுக்குகிறவர்களுக்கு நிரந்தர வேலை, கம்பளிக் கோட்டு வேறு. எல்லாரும் ஆண்கள். ஒரு இடம் காலியானதும் எனக்குக் கொடுங்கள் என்று போய் நின்றேன். பெண்களுக்குக் குளிர் தாங்காது என்று மராட்டிக்கார மேனேஜர் இந்தியில் சொல்லிச் சிரித்தார். சிரிக்காமல் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

மறுபேச்சில்லாமல் (பொய், நிறையப் பேசினேன்) உள்ளே நுழைந்தேன், இறால் தண்ணீரில் சொட்டச் சொட்ட நனைந்த நூல் சேலையோடு. கதவருகே ஒருவர் கோட்டை நீட்டினார். அது இல்லாமலே அடுக்கிக் காட்டுகிறேன் என்று தள்ளிவிட்டேன்.

முதலில் பல் தந்தியடித்தது. பிறகு விரல்கள் பெட்டியைப் பிடிக்க மறுத்தன. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றேபோனது. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன், தூக்கம் சொக்கியது. நடுக்கம் நிற்பதுதான் ஆபத்து என்று எனக்கு எங்கே தெரியும்?

மேனேஜரே கதவைத் திறந்து, போதும் வா என்றாராம். நான் வாயே திறக்கவில்லை. என்னோடு இறால் உரிக்கும் கதீஜா அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ரோசி திருப்பி ஏசாம இருக்கா. உசுருக்கு ஆபத்து, தூக்குங்க."

வெளியே ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் கையைத் தேய்க்க வந்தார். மலேரியாதான் என்று ஒருத்தி நெற்றியில் ஈரத்துணி போட்டாள். (விறைத்துக் கிடப்பவளுக்கு!) மதுவிலக்கு ஊரில் ஒரு புண்ணியவான் எங்கிருந்தோ சாராயம் கொண்டுவந்துவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து எல்லாரையும் விரட்டினார். தேய்க்கக் கூடாது, சாராயம் கூடவே கூடாது, ஈரத்தைக் கழற்றிப் போர்த்துங்கள் என்றார். சாக்கு மறைவில் கதீஜா அக்கா என் சேலையை உருவிவிட்டு, கம்பளிக்குள் என்னைக் கட்டிக்கொண்டு படுத்தாள். நினைவு தெளிந்த பிறகுதான் டீ, சர்க்கரை தூக்கலாக. முதல் மடக்கு இறங்கியதும் நான் மேனேஜரைத் திட்டினேனாம். இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

மேனேஜரோ, நாளையிலிருந்து வராதே என்றார். உரிக்கிற வேலையும் போயிற்று.

வீட்டில் ஆத்திரத்தில் அழுதேன். என் வீட்டுக்காரர் தேவசகாயம் டிரங்குப் பெட்டியைத் திறந்து எங்கள் கல்யாணக் கோட்டை எடுத்தார். தூத்துக்குடி மே மாத வெயிலில், பாதிரியார் முன்னால் அவர் வெந்துபோய் நின்ற கம்பளிக் கோட்டு.

"நீ தோத்தது ஈரச் சேலையால, ஏட்டி. நாளைக்கு இதப் போட்டுட்டுப் போ."

மறுநாள் காய்ந்த சேலை, மேலே மாப்பிள்ளைக் கோட்டு. சந்தே சிரித்தது. வேர்த்து வழிந்தேன், கழற்றவில்லை. கம்பெனிக் கதவில் மேனேஜர் மறித்தார். இன்று ஒருநாள் பாருங்கள், கூலி வேண்டாம் என்றேன். நடுநடுவே வெளியே வந்து சூடாக டீ குடித்துவிட்டு, சாயங்காலம் வரை அடுக்கினேன். அந்த இடத்தை எனக்கே கொடுத்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், சம்பளம் கேட்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மாப்பிள்ளைக் கோட்டு பொண்ணுக்குச் சேருமா?"