செட்டியார் மூக்கும் உறைந்த கொண்டைக்கடலையும்

மாதுங்கா,
நவராத்திரி மூன்றாம் நாள்

அன்புள்ள அகிலாண்டம் அக்காவுக்குத் தம்பி அனந்தநாராயணன் அநேக நமஸ்காரம். அத்திம்பேருக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லவும். இங்கே நானும் பானுமதியும் சௌக்கியம். கொலுவில் எல்லோரும் சௌக்கியம், செட்டியாரைத் தவிர. அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் அதை நீயே சொல்லி முடித்து, தீர்ப்பும் வழங்கி, போனையும் வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. வெள்ளிக்கிழமை கொலுவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். போன வருஷம் வந்தபோது பானு கொடுத்த காபியைக் கையில் வாங்கினாய், யாரோ கூப்பிட்ட மாதிரி போனைக் காதில் வைத்தாய், முகம் மாறிப்போய் "நான் வரேன்டா" என்று எழுந்து போய்விட்டாய். ஒரு வாய் குடிக்கவில்லை. அது முந்தின நாள் டிகாக்ஷன் என்று வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டாய் என்று எங்களுக்குப் புரிந்தது. அதோடு பானு அந்த ஃபில்டரைத் தூக்கிப் பரணில் போட்டவள், இன்னும் இறக்கவில்லை. அக்கா, வெளிப்படையாகவே சொல்கிறேன், இந்த ஊரில் கூடப் பிறந்தவள் என்று எனக்கு நீ ஒருத்திதான். இந்தத் தடவையும் நீ எழுந்து போனால் என்னால் தாங்க முடியாது. ஆகையால் கீழ்வீட்டு அபயாம்பாள் மாமி பஜனையில் உன் காதில் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நம் வீட்டு நைவேத்தியச் சுண்டல் ஃப்ரீசரிலிருந்து வருகிறது.

நடந்தது இதுதான். பானுவுக்கு முழங்கால் வலி. தினம் ஊறப்போட்டு, குக்கர் வைத்து, ஒன்பது நாளும் அடுப்படியில் நிற்க முடியாது என்றாள். ரிடையர் ஆனதிலிருந்து நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்ற அவப்பெயர் வேறு இருந்ததா, "நீ உட்காரு, எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். ஹிந்தியில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒரு பெண் எல்லாப் பயறையும் ஒரே நாளில் வேகவைத்து ஃப்ரீசரில் போட்டுவிட்டு, வேண்டும்போதெல்லாம் எடுத்துச் சமைக்கிறாள். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. நானும் கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, பட்டாணி, ஊர் வழக்கப்படி ராஜ்மா எல்லாவற்றையும் கிலோக் கணக்கில் வாங்கிவந்து ஊறப்போட்டேன். ஊறினால் பெருகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இவ்வளவு பெருகும் என்றுதான் தெரியாது. காலையில் சமையலறைக்குப் போன பானு, "ஏன்னா, இங்க வந்து பாருங்கோ, கடலையெல்லாம் தரையில நடக்கறது!" என்று கத்தினாள். அண்டா நிறைந்து, இட்லிப் பானை நிறைந்து, கடைசியில் பக்கெட்டுக்குப் போனோம். புது பக்கெட் அக்கா, சத்தியமாகப் புதுசு, விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

அன்று முழுக்கக் குக்கர் அடுப்பை விட்டு இறங்கவில்லை. விசில் பொறுக்காமல் அபயாம்பாள் மாமி மேலே ஏறிவந்தாள். "என்ன அனந்து, ஆத்துல கல்யாணமா? எங்களைக் கூப்பிடவே இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே நேராகப் போய் ஃப்ரிஜ்ஜைத் திறந்து பார்த்துவிட்டாள். வெந்ததை வடித்து, தட்டில் பரப்பி, ஆறி உலர்ந்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டுமாம். வீடியோவில் அந்த இடம் வந்தபோது நான் காபி எடுக்கப் போயிருந்தேன். அதனால் சுடச்சுடத் தண்ணீரோடு கவரில் கட்டித் திணித்துவிட்டேன். கதவு சாத்த மறுத்தது. என் வேஷ்டியால் ஃப்ரிஜ்ஜையே சுற்றி இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

முதல் இரண்டு நாளும் வெந்நீரில் போட்டு இளக்கி ஒருமாதிரி ஒப்பேற்றினோம். இன்று கொண்டைக்கடலை. கவரைப் பிரித்தால் உள்ளே கருங்கல். எனக்குப் பொறுமை போய்விட்டது. சமையலறைக்கு டைல்ஸ் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதால் ஹாலுக்குக் கொண்டுவந்து, கொலுப்படிக்குப் பக்கத்தில் வைத்து, சுத்தியலால் ஒரு போடு போட்டேன். பாளம் அப்படியே இருந்தது. அதிலிருந்து தெறித்த ஒரே ஒரு கடலை செட்டியார் பொம்மையின் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. அம்மா உனக்குக் கொடுத்து நீ எனக்குக் கொடுத்த அதே மளிகைக்கடைச் செட்டியார்தான். ஆயுசு முழுக்கப் பருப்பும் பயறும் விற்ற மனுஷருக்குக் கடலையாலேயே கண்டம். பானு படிக்கு அடியிலிருந்து தேடி எடுத்துப் பசை போட்டு ஒட்டினாள். ஒட்டியது மூக்கையா, கொண்டைக்கடலையையா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இனி நீதான் சொல்ல வேண்டும். உறைந்தது பழையதில் சேருமா, சேராதா? சேரும் என்கிறாள் பானு. அதனால் கன்னத்தில் போட்டுக்கொண்டேதான் நைவேத்தியம் பண்ணுகிறாள். கெடாதது எப்படிப் பழையதாகும் என்பது என் கட்சி. தப்பு என்று நீ சொன்னால் வெள்ளிக்கிழமை உனக்கென்று புதிதாக ஊறப்போட்டு நானே நின்று வேகவைக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. சாப்பிடாமல் மட்டும் போகாதே.

உன் மாட்டுப்பெண் ஹரிதா ஆபீஸிலிருந்து வரும் வழியில் எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். அவளிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு எங்கள் ஆசீர்வாதம். அம்பாள் எல்லோரையும் குறையில்லாமல் வைக்கட்டும், செட்டியார் உட்பட.

உன் தம்பி,
அனந்து

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஹரிதா வந்தாள், கையில் கனமான பையோடு. நான் உள்ளே இருப்பது தெரியாமல் பானுவிடம் ரகசியம் பேசினாள். அவளுக்கு அம்மா என்றால் நீ, மாமா என்றால் நான். "மாமி, இதை உங்க ஃப்ரீசர்ல வெச்சுக்கறேளா ப்ளீஸ்? எங்காத்துல ஜகாவே இல்ல. அம்மா எல்லாத்தையும் மொத்தமா வேகவெச்சு ஃபுல் பண்ணிட்டா, வருஷா வருஷம் இதே கதைதான். மாமா ரொம்ப ஆசாரம், அவர் காதுல விழப்படாதுன்னு அம்மாக்கு ஒரே டென்ஷன். போன வருஷம் எங்க பில்டிங்ல கரண்ட் போயிடுத்துன்னு நான் போன் பண்ணினேனோ இல்லியோ, ஃப்ரீசர்ல கடலை போயிடும்னு உங்காத்துக் காபியக்கூடக் குடிக்காம ஓடிவந்துட்டா!"

பையைப் பிரித்துப் பார்த்தோம். உன் மொச்சை ஒன்றோடொன்று ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்கிறது. நீ தட்டில் பரப்பி ஆறவைத்திருக்கிறாய். ஹரிதாவைக் கோபித்துக்கொள்ளாதே. மேலே எழுதியதில் செட்டியார் மூக்கைத் தவிர எதையும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள். பானு ஃபில்டரைப் பரணிலிருந்து இறக்கித் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சீக்கிரமே வந்துவிடு. நம் இரண்டு பேருடைய ஆசாரத்தையும் முலுண்டில் உன் வீட்டிலேயே விட்டுவிட்டு வா, இங்கே ஃப்ரீசரில் அதற்கு இடமில்லை.